உடம்பு வழியா இனவெறிய மறக்கறதுன்னா என்ன?

நம்ம தலைக்குத் தெரியாமலே உடம்பு ஒரு ஆள எடை போட்டுடுது, அதுதான் மறைமுக பாரபட்சம். அத உடம்புலயே கவனிச்சு மெதுவா விட்டுப் பழகறதுதான் இது. புதுச்சேரியில காலாப்பட்டு பஸ்ல பக்கத்து சீட்ல ஆப்பிரிக்க ஸ்டூடன்ட் ஒருத்தர் வந்து உக்காந்தாரு, நான் ஒண்ணும் தப்பா நினைக்கல, ஆனா பாத்தா என் பேக் தரையிலேர்ந்து மடிக்கு வந்திருந்துச்சு! எப்ப எடுத்தேன்னே தெரியல.

காரணம், பயத்த கவனிக்கிற மூளைப்பகுதி யோசிக்கறதுக்கு முன்னாடியே வேலைய முடிச்சிடும். ராஜீவ் காந்தி சிலை சிக்னல்ல போலீஸ பாத்தா ஹெல்மெட் போட்டிருந்தாலும் கை தானா ஆக்சிலேட்டர விடுதுல்ல, அதே கதைதான். இத அளக்க அமெரிக்க உளவியல் ஆய்வாளர் கிரீன்வால்ட் குழு 1998லயே ஒரு டெஸ்ட் கொண்டுவந்தாங்க, அதுல ஒரு பிரிவு ஆளுங்களோட முகத்தையோ பேரையோ நல்ல வார்த்தையோட, கெட்ட வார்த்தையோட சேக்கறப்ப எவ்ளோ வேகமா பட்டன் அழுத்தறோம்னுதான் பாப்பாங்க (ஒரு தனி ஆள அத வச்சு முடிவு பண்ணக்கூடாதுங்கறது வேற விஷயம்).

அதனால உடம்பு வழியா இத மாத்தப் பழக்கற ஒர்க்‌ஷாப்ல லெக்சர் கம்மி. ரெண்டு பேர் எதிரெதிரா நின்னு மெதுவா கிட்ட வருவாங்க, எந்த எடத்துல மூச்சு நிக்குது, தோள் எப்ப இறுகுது, கால் எங்க நின்னுடுதுன்னு கவனிச்சு அத குரூப்ல சொல்லணும், யாரும் திட்ட மாட்டாங்க. குரூப் எதுக்குன்னா நம்ம தோள் ஏறறது நமக்குத் தெரியாது, எதிர்ல இருக்கறவங்களுக்குத் தெரியும். ஆனா ஒரு நாள் போய்ட்டு வந்தா போதாதுங்க, மறைமுக பாரபட்சத்த குறைக்கற சின்னச் சின்ன பயிற்சிகளோட பலன் சில மணி நேரத்துலயோ சில நாள்லயோ கரைஞ்சிடுதுன்னு 2016ல வந்த ஒரு பெரிய ஆய்வு சொல்லுது.

நிறைய பேர் "அப்ப நான் இனவெறியனா?"ன்னு கோவப்படறாங்க, இது கெட்டவங்கள கண்டுபிடிக்கிற டெஸ்ட் இல்ல, பேக் மடிக்கு வர்றத வர்றப்பவே பாக்கற பழக்கம் அவ்ளோதான்.