திரையில் காய்ந்த சாயம்: பாட்டில் வாங்குவதற்கு முன்னால்

கேள்வி: தீபாவளிக்குக் கதவுக்கு அடித்த பளபளப்புச் சாயம் ஜன்னல் திரையில் உள்ளங்கை அகலத்துக்குக் கொட்டிக் காய்ந்துவிட்டது. டோபியில் 80 வெள்ளி கேட்கிறார்கள். தாமானில் ஓர் அக்கா, எல்லாக் கறையும் போகும் என்று ஒரு பாட்டில் விற்கிறார். எது நல்லது?
வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம்மா. கதவுக்கும் கிரில்லுக்கும் அடிப்பது பெரும்பாலும் எண்ணெய்ச் சாயம், சுவருக்கு அடிப்பது தண்ணீரில் கரையும் எமல்ஷன். சாயம் அடித்தவரைக் கேட்டால் எல்லாம் ஒன்றுதான் என்பார். பார்மசியில் விற்கும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டுக் கறையைத் தேய்த்துப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் எமல்ஷன். அதே ஸ்பிரிட்டால் இளக்கி, சவர்க்காரம் போட்டு அலசினால் போதும்.

நிறம் ஏறாவிட்டால் எண்ணெய்ச் சாயம், உங்களுடையது அதுவாகத்தான் இருக்கும். தடித்த படலத்தைக் கரண்டிக் காம்பால் மெல்லச் சுரண்டுங்கள். கறை கீழ்ப்பக்கம் வரும்படி பழைய வெள்ளைத் துணிமேல் திரையைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கத்திலிருந்து டர்பென்டைனால் ஒற்றி எடுங்கள். ஓரத்திலிருந்து நடுவுக்கு வர வேண்டும். தேய்த்தால் பரவும். அடித்துணியை மாற்றிக்கொண்டே இருங்கள். அப்புறம் பாத்திரம் கழுவும் சோப்பு, பச்சைத் தண்ணீர். கறை முழுக்கப் போகும்வரை சுடுதண்ணீர், இஸ்திரி இரண்டும் கூடாது. டர்பென்டைன் பட்ட துணியை 24 மணி நேர டோபியின் சூட்டு டிரையருக்குள் போடவே போடாதீர்கள், தீப்பிடிக்கும். அடுப்புப் பக்கமும் இந்த வேலை வேண்டாம்.

இனி அந்தப் பாட்டில். மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். நகப்பூச்சு அழிக்கும் வாசம் வந்தால் உள்ளே அசிட்டோன் இருக்கிறது என்று அர்த்தம். ஹார்ட்வேர் கடையில் 'தின்னர்' என்று மட்டும் கேட்டால் கையில் கொடுப்பதிலும் பல சமயம் அதுதான் கலந்திருக்கும். பருத்தி தாங்கிக்கொள்ளும். பட்டுப்போல மின்னும் அசிட்டேட் துணி தாங்காது, கறையோடு துணியும் கரைந்து ஓட்டை விழும். திரையின் உள்துணி அந்த ரகமாக இருக்கலாம். மடிப்பிலிருந்து ஒரு நூலை உருவி, அதன்மேல் அந்தப் பாட்டிலில் இருப்பதை ஒரு சொட்டு விடுங்கள். நூல் பசையானால் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முன்பக்கத் துணி பருத்தியாக இருந்தாலும் உள்துணி நூலைத் தனியாகச் சோதியுங்கள். இரண்டும் ஒரே துணி என்று நினைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். விற்பவருக்கும் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது, மேலே இருக்கும் ஏஜென்ட் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறார், அவ்வளவுதான். இன்னொருவர் பிளீச் ஊற்றச் சொல்வார். அது துணியின் சொந்த நிறத்தைத்தான் எடுக்கும், சாயம் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

இதெல்லாம் பலிக்காவிட்டால் டோபி. 'சேதத்துக்குப் பொறுப்பில்லை' என்று எழுதி மாட்டிவிட்டு, முன்பணமும் வாங்குவார்கள். பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது, 5 வெள்ளி கட்டினால் 50,000 வெள்ளி வரை வழக்குப் போடலாம். சட்டத்தில் எல்லாம் இருக்கிறது. ஒரு திரைக்காக லீவு போட்டுவிட்டு யார் அலைவது? அதனால் கொடுக்கும்போதே கறையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தத் துணி, என்ன சாயம், போகாவிட்டால் எவ்வளவு திருப்பித் தருவார்கள் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் வேறு கடை பாருங்கள்.