நள்ளிரவுச் சூரியனா, துருவ ஒளியா?

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். ஸ்காண்டிநேவியக் கடற்கரை நகரங்களையும் தீவுகளையும் கப்பலில் சுற்றிப் பார்க்க ஆசை. பெரிய சொகுசுக் கப்பலில் பதிவு செய்யலாம் என்கிறான் மகன். நள்ளிரவுச் சூரியன், துருவ ஒளி இரண்டையும் பார்க்க எந்த மாதம் போகலாம்? மனைவி சுத்த சைவம். பஸ்ஸில் ஏறினாலே அவளுக்குத் தலைசுற்றும்.

பதில்: ஒரே கல்லில் இரண்டு மாங்காய் இங்கே விழாது. இரவு வானில் வண்ணத் திரைபோல் அசையும் துருவ ஒளி (அரோரா) கோடையிலும் இருக்கலாம். ஆனால் இரவு இருட்டினால்தானே கண்ணுக்குத் தெரியும்? நார்வேயின் வடகோடியிலுள்ள நூர்காப் முனையில் மே நடுவிலிருந்து ஜூலைக் கடைசி வரை சூரியன் மறைவதே இல்லை. துருவ ஒளிதான் வேண்டுமென்றால் செப்டம்பர் கடைசி முதல் மார்ச் வரை. டிசம்பரிலோ வடக்கே சூரியன் தலைகாட்டாது. நீங்கள் பார்க்க விரும்பும் ஊர்கள் பெரும்பாலும் இருட்டில் கடந்துபோகும். உங்கள் ஆசை கரையும் தீவும் என்பதால் ஜூனில் போங்கள்.

கப்பல் விஷயத்தில் உங்கள் மகனோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆயிரக்கணக்கானோரை ஏற்றும் கப்பல் ஒரு சிற்றூரில் நின்றால், நீங்கள் பார்ப்பது ஊரை அல்ல, சக பயணிகளின் முதுகை. நார்வேயின் பெர்கன் நகரிலிருந்து ரஷ்ய எல்லையோரக் கிர்கெனெஸ் வரை போகும் கரையோரக் கப்பலைத்தான் சொல்வேன். 1893-இல் ரிச்சர்ட் வித் என்ற கப்பல் தலைவர் தொடங்கிய வழி அது. இன்று ஹுர்திகுருத்தன், ஹவிலா என்ற இரு நிறுவனங்கள் ஓட்டுகின்றன. 34 துறைகள், சில இடங்களில் கால் மணி நேரம்தான் நிற்கும். சரக்கு இறங்கும், ஊர்க்காரர் ஏறுவார், கயிறு அவிழ்ப்பார்கள். சூதாட்டக் கூடமோ நடன மேடையோ கிடையாது. அது குறை என்று நினைப்பவர்கள் மகன் சொல்லும் கப்பலிலேயே போகலாம்.

வழியில் ஓலெசுண்டில் இறங்கினால் கட்டடங்களின் முகப்பை அண்ணாந்து பாருங்கள். 1904 ஜனவரியில் ஒரே இரவில் எரிந்துபோன மரவீட்டு நகரம் அது. சில ஆண்டுகளில் கல்லாலும் செங்கல்லாலும் எழுப்பிவிட்டார்கள். அக்கால மோஸ்தர்படி கோபுரங்கள், கொடி வேலைப்பாடு, முகங்கள் என்று ஊர் முழுக்க ஒரே கை செய்ததுபோல் இருக்கும்.

லோஃபோட்டன் தீவுகளுக்கு மாலையில் போய்ச் சேர்வீர்கள். ஜூனில் அதுவும் பகல்தான். கரையில் ஆளுயரத்துக்கு மேல் மரச்சட்டங்கள் நிற்கும். குளிர்காலத்தில் பிடித்த காட் மீனை வால் வாலாகக் கட்டி, உப்பே போடாமல், குளிர்காற்றில் மட்டும் காயவிடுகிறார்கள்; நம் கருவாட்டுக்கு உப்பில்லாத அண்ணன். ஜூன் வாக்கில் இறக்கிவிடுவார்கள். தலைகளைத் தனியே காயவைத்து நைஜீரியாவுக்கு அனுப்புகிறார்கள். அங்கே குழம்புக்கு அது கட்டாயம் வேண்டுமாம். வாடை கொஞ்சம் தூக்கலாக இருக்கும், உங்கள் மனைவியிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

அவருடைய தலைசுற்றலுக்குப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். பாதையின் பெரும்பகுதி தீவுகளின் மறைவில் போகிறது. ஸ்டாட் முனை, ஹுஸ்தாத்விகா, போடோவிலிருந்து லோஃபோட்டன் வரையிலான வெஸ்ட்ஃபியோர்டு, கடைசியில் பேரண்ட்ஸ் கடல் போன்ற சில இடங்கள்தான் திறந்த கடல். மருத்துவரிடம் கேட்டு, அந்த இடங்கள் வருமுன் மாத்திரை போட்டுக்கொள்ளட்டும். அறை கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் இருந்தால் ஆட்டம் குறைவு. சைவத்தைப் பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுங்கள். மீனும் முட்டையும் சேராது என்று பிரித்துச் சொல்லுங்கள், அங்கே பலருக்கு மீன் அசைவக் கணக்கில் வராது. காலை உணவில் பழுப்பு நிறப் பாலாடைக்கட்டி இருக்கும், பால்கோவா வாசத்தோடு இனிக்கும். ஆனால் பாலாடைக்கட்டி உறைய விலங்கு நொதி சேர்ப்பதுண்டு. அவர் அதையும் பார்ப்பவர் என்றால் கேட்டுவிட்டுச் சாப்பிடட்டும்.

போகவர 12 நாள் ஆகும். உங்களுக்கு வடக்கு நோக்கிய பாதி போதும். கிர்கெனெஸிலிருந்து ஆஸ்லோவுக்கு விமானம் இருக்கிறது. நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா அங்கே செல்லும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். கோடைக் கூட்டம் சேருமுன் கொடுத்துவிடுங்கள். 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். இன்னும் வடக்கே இருக்கும் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளையும் சேர்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் இருமுறை நுழையும் விசாவாகக் கேளுங்கள்; அவை ஷெங்கனுக்கு வெளியே இருப்பதால், ஒருமுறை விசாவோடு போனால் திரும்ப ஆஸ்லோவுக்குள் விடமாட்டார்கள்.