மறு: வேட்பாளர் பின்னணியை வைத்து அமெரிக்க அதிபர் தேர்தலைக் கணிக்கும் ப்ராஜெக்ட்

வணக்கம் தம்பி. ஆளுநர் பதவி, செனட் அனுபவம், ராணுவ சேவை, வயது என்று இருபது விவரம் சேர்த்தும், பழைய தேர்தலெல்லாம் பொருந்துகிறது, 2016 மட்டும் தலைகீழாக வருகிறது என்கிறீர்கள்.

உங்கள் கோடில் கோளாறு இருக்காது. 1789 முதல் 2024 வரை நடந்ததே 60 தேர்தல்தான். அதற்கு இருபது விவரம் கொடுத்தால் மாடல், அதாவது பழைய தேர்தல்களைப் பார்த்துக் கற்றுக் கணிக்கும் உங்கள் புரோகிராம், பழசை மனப்பாடம் செய்துவிடும்; புதுசில் தடுமாறும். 2016-ல் தோற்ற ஹிலாரி கிளின்டன் செனட்டராகவும் வெளியுறவு அமைச்சராகவும் இருந்தவர். ஜெயித்த டிரம்ப் அதுவரை அரசுப் பதவியோ ராணுவ சேவையோ பார்க்காதவர். அப்படி ஒருவர் அதிபரானது அதுவே முதல்முறை. முன்மாதிரியே இல்லாததை மாடல் எங்கே கற்கும்?

ராணுவ சேவையும் ஏமாற்றும். இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டிய சீனியர் புஷ் 1992-லும், அதே போரில் படுகாயமடைந்த பாப் டோல் 1996-லும், ராணுவத்துக்கே போகாத பில் கிளின்டனிடம் தோற்றார்கள்.

அவ்வளவு தூரம் எதற்கு? மதுரைக்குப் பக்கத்தில் விருதுநகரில், ஒன்பது வருடம் முதல்வராக இருந்த காமராஜரை 1967-ல் மாணவர் தலைவர் சீனிவாசன் தோற்கடித்தார். அரிசித் தட்டுப்பாடும் இந்தி எதிர்ப்பும் எந்தப் பயோடேட்டாவில் இருக்கும்?

சரி, செய்ய வேண்டியது இதுதான். விவரங்களை மூன்று நான்காகக் குறையுங்கள். அட்டவணையில் ஒரு தேர்தலுக்கு ஒரே வரி. அதில் இரு வேட்பாளருக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் போடுங்கள். பதவியில் இருப்பவரே நிற்கிறாரா என்பதைக் கட்டாயம் சேருங்கள். 1988 வரையுள்ள தேர்தல்களை மாடலுக்குக் கற்றுக்கொடுங்கள், 1992-லிருந்து உள்ளவற்றைக் காட்டாமல் வைத்துச் சோதியுங்கள். அப்புறம் துல்லியம் குறையத்தான் செய்யும். பயப்படாமல் அந்த எண்ணையே ரிப்போர்ட்டில் எழுதுங்கள். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்டால் இந்த 60 தேர்தல் கணக்கைச் சொல்லுங்கள்.