டர்போ வண்டிக்கு 264 கேமா, 272 கேமா? முதலில் டர்பைனுக்கு முன்னால் உள்ள அழுத்தத்தை அளந்து பாருங்கள்

கேள்வி இது: "தினமும் ஓட்டும் டர்போ பெட்ரோல் வண்டி. பூஸ்டை ஏற்றியாயிற்று. அடுத்து 272 டிகிரி கேம்ஷாஃப்ட் மாட்டலாமா, 264 போதுமா?"

கேம்ஷாஃப்ட் (சுருக்கமாக கேம்) என்பது வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு. 264, 272 என்பவை அதன் டியூரேஷன், அதாவது கிராங்க் டிகிரியில் வால்வ் திறந்திருக்கும் காலம். அளந்து பார்க்கும்வரை இரண்டுமே வேண்டாம்.

வண்டி விவரம் கேள்வியில் இல்லை. 2 லிட்டர், நான்கு சிலிண்டர், இரட்டை கேம், கம்பெனி டர்போ, 1 பாரை ஒட்டிய பூஸ்ட் (டர்போ காற்றை உள்ளே தள்ளும் அழுத்தம்) என்று வைத்துக்கொள்கிறேன். வேறு மாதிரி இருந்தால் எண்கள் மாறும், கணக்கு மாறாது.

டர்போ இல்லாத இன்ஜினில் ஓவர்லேப், அதாவது இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம், நண்பன். எக்ஸாஸ்ட் வால்வ் மூடுமுன் இன்டேக் திறந்தால், வெளியே ஓடும் புகை புதுக்காற்றைத் தன்னோடு இழுக்கும். டர்போ வந்ததும் அந்த வழியில், புகையால் சுழலும் டர்பைன் நந்தி மாதிரி உட்கார்ந்துவிடுகிறது. சின்ன கம்பெனி டர்போவில் மேல் ஆர்பிஎம்மில் டர்பைனுக்கு முன்னால் உள்ள அழுத்தம் பூஸ்டைப் போல ஒன்றரை மடங்கு, சில சமயம் இரண்டு மடங்கு. அந்த நிலையில் இரண்டு வால்வும் திறந்திருந்தால் எரிந்த புகைதான் சிலிண்டருக்குள் திரும்பி வரும். கலவை சூடாகும், நாக்கிங் (கலவை தானாகவே வெடிப்பது) வரும், டியூனர் இக்னிஷனைப் பின்னுக்குத் தள்ளுவார். கேமுக்குக் கொடுத்த பணம் அங்கேயே கரைந்துவிடும்.

அதனால் அளவு முக்கியம். டர்போவைக் கழற்றி வைத்துவிட்டு, மேனிஃபோல்டில் குழாய்கள் ஒன்றுசேரும் இடத்தில் துளை போட்டு மரை வெட்டுங்கள். டர்போ மாட்டியிருக்கும்போது துளைத்தால் இரும்புத் தூள் டர்பைன் இறக்கையைத் தின்றுவிடும். அரை மீட்டருக்குக் குறையாத ஸ்டீல் குழாயைச் சுருளாக வளைத்து, அதன் முனையில் கேஜ் அல்லது சென்சார் வையுங்கள்; புகை ஆறாமல் ரப்பர் ஹோஸுக்கு வரக்கூடாது. டைனோவில் (பவரை அளக்கும் கருவி) முழு த்ராட்டிலில் ஏற்றி, ஆர்பிஎம், பூஸ்ட், இந்த அழுத்தம் மூன்றையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். பூஸ்ட் 1 பார் இருக்கையில் இது 1.8 பார் காட்டினால் கேமைத் தொடவே வேண்டாம். டர்பைன் ஹவுசிங்கும் டவுன்பைப்பும் (டர்பைனுக்குப் பின்னால் வரும் எக்ஸாஸ்ட் குழாய்) தான் உங்கள் தடை. 1.2, 1.3 என்றால் மிதமான கேம் பலன் தரும். பூஸ்டுக்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால் பெரிய டர்போ என்று பொருள், 272-க்கு அங்கே இடம் உண்டு.

"டொயோட்டா 2ஜேஇசட் இன்ஜினில், மிட்சுபிஷி 4ஜி63-இல் 272 போட்டு எத்தனை பேர் ஓட்டுகிறார்கள்" என்று ஒருவர் கீழே எழுதுவார். ஓட்டுகிறார்கள், மறுக்கவில்லை. அந்த வண்டிகளில் டர்போவின் அளவு என்ன, எந்த ஆர்பிஎம்மில் பூஸ்ட் ஏறுகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 7,000-க்கு மேல் கிடைக்கும் பவரும், 3,000-இல் சிக்னல் தாண்டும்போது வேண்டிய பிக்கப்பும் ஒன்றல்ல.

ஓவர்லேப்பை நீங்களே கணக்கிடலாம். இன்டேக், எக்ஸாஸ்ட் டியூரேஷன்களைக் கூட்டி நான்கால் வகுத்து, லோப் செபரேஷன் கோணத்தை (இன்டேக், எக்ஸாஸ்ட் கேம் உச்சிகளுக்கு இடையிலுள்ள கோணம், கேம் டிகிரியில்) கழித்து, இரண்டால் பெருக்குங்கள். 264/264, கோணம் 110 என்றால் 132 கழித்தல் 110, அதாவது 22. இரு மடங்கு 44 டிகிரி. அதே கேம் 114-இல் 36 டிகிரிதான். 272, 110 என்றால் 52. கேம் புல்லிகள் அட்ஜஸ்ட் செய்யக்கூடியவையாக இருந்தால், இன்டேக்கை 4 கிராங்க் டிகிரி தாமதப்படுத்தி, எக்ஸாஸ்டை 4 முன்னுக்குக் கொண்டுவந்தாலே 110-இலிருந்து 114-க்குப் போய்விடலாம். புல்லியின் கோடுகள் கேம் டிகிரியா, கிராங்க் டிகிரியா என்று பாருங்கள். ஒரு கேம் டிகிரி இரண்டு கிராங்க் டிகிரிக்குச் சமம்.

ஆனால் இன்டேக்கைத் தாமதப்படுத்துவதற்கு ஒரு விலை உண்டு. 264 கேம் 110-இல் இருந்தால் இன்டேக் வால்வ் பிஸ்டன் அடிமட்டத்தைத் தாண்டி 62 டிகிரியில் மூடும், 114-இல் 66. பூஸ்ட் இல்லாத நேரத்தில் பிஸ்டன் மேலேறும்போது உள்ளே வந்த காற்றையே திருப்பித் தள்ளும். கம்ப்ரெஷன் 8.5 இருக்கும் இன்ஜினில் இது நன்றாகவே உறைக்கும்: புறப்பாடு மந்தம், பூஸ்டும் தாமதம்.

டியூரேஷன் எண்ணை எந்த லிஃப்டில் (எவ்வளவு உயரம் எழும்பியதும்) அளந்தார்கள் என்று கேட்காமல் வாங்காதீர்கள். ஒருவர் 0.1 மி.மீ.யில் அளப்பார், இன்னொருவர் 1 மி.மீ.யில், அமெரிக்கக் கேட்லாக்கில் 1.27 மி.மீ.யில் ஓர் எண் தனியாக இருக்கும். ஒரே கேமுக்கு 40 டிகிரி வரைகூட வித்தியாசம் வரும். ஓவர்லேப் கணக்குக்கு வால்வ் சீட்டை ஒட்டிய அளவைத்தான் எடுக்க வேண்டும்.

லிஃப்டைப் பொறுத்தவரை தாராளமாக இருங்கள், ஓவர்லேப்பைப் பெரிதாக்காமல் காற்றைக் கூட்டும் வழி அது. வால்வ் விட்டத்தில் கால் பங்கு லிஃப்ட் வந்ததும் வால்வைச் சுற்றிய வழி வால்வ் பரப்புக்குச் சமமாகிவிடும், 34 மி.மீ. வால்வுக்கு 8.5 மி.மீ. அதற்கு மேல் பலன் குறையும், ஸ்பிரிங்குக்கு வேலை கூடும்.

ஸ்பிரிங்கில் கை வைக்காமல் கேம் மட்டும் மாற்றுவது எனக்குக் கோபம் வரவைக்கும் விஷயம். 34 மி.மீ. இன்டேக் வால்வின் பரப்பு சுமார் 9 சதுர செ.மீ. 1.5 பார் பூஸ்ட் அதன் முதுகில் தள்ளும் விசை, அதிகபட்சமாக, 136 நியூட்டன். கிட்டத்தட்ட 14 கிலோ எடை. சீட் பிரஷர் (மூடிய வால்வை ஸ்பிரிங் அழுத்தும் விசை) அந்த அளவுக்குத் தளர்ந்தால் உயர் ஆர்பிஎம்மில் வால்வ் சீட்டில் குதிக்கும், மிஸ்ஃபயர் போலவே தெரியும். பலர் பிளக்கையும் காயிலையும் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். புது ஸ்பிரிங் போட்டால் முழு லிஃப்டில் சுருள்கள் முட்டாமல் 1 மி.மீ.க்குக் குறையாத இடைவெளி வேண்டும். ரிட்டெய்னருக்கும் (ஸ்பிரிங்கின் மேல் மூடி) கைடு சீலுக்கும் இடையே 1.5 மி.மீ. பழைய கேமையே தேய்த்துச் செய்தது என்றால் அடி வட்டம் சிறுத்திருக்கும், தடித்த ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் தகடு) தேவைப்படும்.

பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடைவெளி: இன்டேக் 2 மி.மீ., எக்ஸாஸ்ட் 2.5 மி.மீ.க்குக் குறையக்கூடாது. மென்மையான ஸ்பிரிங்கும் டயல் கேஜும் வைத்துப் பார்க்கலாம். மேல்மட்டத்துக்கு 10 டிகிரி முன்னால் எக்ஸாஸ்டும், 10 டிகிரி பின்னால் இன்டேக்கும் மிக நெருங்கிவரும். அந்தச் சுற்றுப்பகுதி முழுவதையும் பாருங்கள். புல்லியை நகர்த்தினால் மறுபடி அளக்க வேண்டும். டிகிரி வீல் வைக்கும்போது பிஸ்டன் ஸ்டாப்பால் மேல்மட்டத்தைக் கண்டுபிடித்து, கிராங்கை இன்ஜின் சுற்றும் திசையில் மட்டும் சுற்றுங்கள். பின்னோக்கிச் சுற்றினால் பெல்ட்டின் தளர்வு அளவைக் கெடுக்கும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இத்தனை அளவும் எடுத்த மெக்கானிக்குகளில் பலர் அதை எழுதி வண்டிக்காரர் கையில் கொடுப்பதில்லை. ஷிம் தடிமன், சென்டர்லைன், ஸ்பிரிங் உயரம் எல்லாம் அவர் நினைவோடு போய்விடும். அடுத்தவர் மறுபடி இன்ஜினைத் திறக்க வேண்டும். அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் சொத்து.

வேரியபிள் வால்வ் டைமிங்கும் நேரடி இன்ஜெக்‌ஷனும் உள்ள புது இன்ஜின் என்றால் கதை வேறு. குறைந்த ஆர்பிஎம்மில் பூஸ்ட் எக்ஸாஸ்ட் அழுத்தத்தைவிடக் கூடுதலாக இருக்கையில், கம்ப்யூட்டர் வேண்டுமென்றே ஓவர்லேப்பைக் கூட்டிச் சிலிண்டரைப் புதுக்காற்றால் கழுவும். எக்ஸாஸ்ட் வால்வ் மூடிய பிறகே பெட்ரோல் பீய்ச்சுவதால் அங்கே வீணாவது காற்று மட்டும்தான். அதில் பெரிய கேம் போட்டால் ஃபேசர் (கேமை முன்பின் திருப்பும் பாகம்) நகரும் எல்லையைக் குறைக்காமல் ஸ்டார்ட் செய்யக்கூடாது. முழுதாக முன்னேறினால் வால்வ் பிஸ்டனில் அடிக்கலாம்.

கடைசியாக டியூனிங். ஓவர்லேப் கூடியதும் ஐட்லிங்கில் எரியாத ஆக்சிஜன் எக்ஸாஸ்டுக்குப் போகும். எக்ஸாஸ்டில் ஆக்சிஜனை அளக்கும் லாம்ப்டா சென்சார் பெட்ரோல் குறைவு என்று நினைத்து மேலும் மேலும் ஊற்றச் சொல்லும். ஐட்லிங்கில் அந்தத் திருத்தத்தை நிறுத்திவிட்டு, வண்டி எந்த அளவில் நிதானமாக நிற்கிறதோ அதையே வைக்கச் சொல்லுங்கள். மேனிஃபோல்ட் வேக்கமும் குறைந்திருக்கும், சாலையில் இறங்குமுன் பிரேக் பூஸ்டருக்கு அது போதுமா என்று பாருங்கள்.