கேடயமா, இருகை வாளா? ஓர் ஓகரை வைத்து ஒரு கணக்கு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஞாயிறுதோறும் நான்கு பேர் கூடி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடைக் கதை விளையாட்டை ஆடும் குழுவில் ஃபைட்டராக (போர்வீரராக) இருக்கும் வாசகர் ஒருவர், சங்கிலிக் கவசமும் கேடயமும் இருப்பதால் தம்மீது அடி விழுவது குறைவு என்றாலும், சண்டை இழுத்துக்கொண்டே போவதாக நண்பர்கள் குறைபடுகிறார்கள் என்றும், கேடயத்தைக் கைவிட்டு இருகை வாளுக்கு மாறலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

2014ஆம் ஆண்டு வெளிவந்த ஐந்தாம் பதிப்பின் விதிகளை வைத்தே சொல்கிறேன். கேடயம் உங்கள் கவச எண்ணை (உங்கள்மீது அடி விழ எதிரி பகடையில் எட்ட வேண்டிய எண்ணை) 16இலிருந்து 18 ஆக்குகிறது. இருபது முகப் பகடையில் அது எதிரியின் வாய்ப்பில் 10 விழுக்காட்டைக் கழிப்பதற்குச் சமம். கவச எண் 11, உயிர்ப்புள்ளி (தீர்ந்தால் வீழும் அளவு) 59 கொண்ட ஓகர் என்ற அரக்கன் ஒன்றை எதிரே நிறுத்துவோம். அதன் தாக்குதல் கூட்டெண் (பகடையில் விழும் எண்ணோடு கூட்டுவது) 6, ஓர் அடியின் சராசரிச் சேதம் 13. கேடயம் இல்லாவிட்டால் சுற்றுக்கு (இருவரும் ஒருமுறை அடிக்க முயல்வது ஒரு சுற்று) ஏறத்தாழ 7.2 புள்ளியும், இருந்தால் 5.9 புள்ளியும் நீங்கள் இழப்பீர்கள். உங்கள் தாக்குதல் கூட்டெண் 5, வலிமைக் கூட்டெண் (சேதத்தோடு கூட்டுவது) 3 என்று கொண்டால், இருகை வாள் சுற்றுக்கு 7.5 சேதமும், கேடயத்தோடு ஒரு கையில் பிடிக்கும் நீள்வாள் 5.6 சேதமும் தரும். (பகடையில் 20 விழும்போது கிடைக்கும் இரட்டைச் சேதத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை.)

தனியாக நின்றால் ஓகரை வீழ்த்த இருகை வாளுக்குச் சராசரியாக எட்டுச் சுற்றும், நீள்வாளுக்குப் பத்தரைச் சுற்றும் ஆகும். அதற்குள் முன்னதில் 56 புள்ளியும் பின்னதில் 61 புள்ளியும் போயிருக்கும். காக்க வந்த கேடயம் சண்டையை நீட்டியே கூடுதல் இரத்தம் சிந்த வைக்கிறது! ஆனால் நீங்கள் தனியாக ஆடவில்லை. மற்ற மூவரும் சேர்ந்து சுற்றுக்கு 15 சேதம் தருவார்களானால், எந்த வாளை எடுத்தாலும் சண்டை மூன்று சுற்றுக்குள் முடிந்துவிடும். அப்போது உங்கள் இழப்பு இருகை வாளுடன் 19, கேடயத்துடன் 17. ஆகவே குழுவின் மொத்தச் சேதத்தில் உங்கள் பங்கு எவ்வளவு என்பதைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். மற்ற மூவரும் நன்றாக அடிப்பவர்களாக இருந்தும் சண்டை இழுக்கிறது என்றால், பழி உங்கள் கேடயத்தின்மேல் விழ நியாயமில்லை.

என் பரிந்துரை, கேடயத்தை வைத்துக்கொண்டு 'டூயலிங்' என்ற போர்ப்பாணியை, அதாவது ஃபைட்டருக்குக் கிடைக்கும் சண்டைத் திறன்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. ஒற்றைக் கை ஆயுதத்தின் சேதத்தில் அது 2 புள்ளி கூட்டுவதால், தனியாக நின்றாலும் ஓகர் எட்டுச் சுற்று சொச்சத்தில் விழுந்துவிடும். இழப்பும் 48 புள்ளிக்கு இறங்கிவிடும். இருகை வாளுக்குரிய போர்ப்பாணியை நான் இங்கே ஒப்பிடவில்லை. அதன் பலன் இந்த அளவுக்கு இல்லை என்பது என் அனுபவம்.

இன்னொன்று களத்தைப் பொறுத்தது. உங்கள் டி.எம். (ஆட்டத்தை நடத்துபவர்) பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்பைப் போன்ற திறந்த வெளியில் சண்டையை அமைத்தால், எதிரி உங்களைச் சுற்றிக்கொண்டு போய் உங்கள் குழுவின் மந்திரவாதியை அடிப்பான். யாரும் அடிக்காத கேடயத்தால் பயன் இல்லை. புதுச்சேரியின் பழைய வீடுகளில் இருப்பது போன்ற ஒடுங்கிய நடையில் நீங்கள் முன்னால் நின்றால், எதிரிக்கு உங்களை அடிப்பதைத் தவிர வேறு வழியிருக்காது. கேடயத்தை மாட்டவோ கழற்றவோ ஒரு முழுச் செயல் (ஒரு சுற்றில் அடிக்கக் கிடைக்கும் வாய்ப்பு) செலவாகும் என்பதால், எந்த வாள் என்பதைக் கதவைத் திறப்பதற்கு முன்பே முடிவுசெய்துவிடுங்கள்.