டிவிடி டிரைவ் இல்லாத லேப்டாப்பில் விண்டோசை மறுபடி போடுவது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: மீட்பு டிஸ்க் எப்படிச் செய்வது, விண்டோஸ் 10-க்குப் புது லைசென்ஸ் வாங்க வேண்டுமா?

வாங்க வேண்டாம். அசல் விண்டோசோடு வந்த லேப்டாப் என்றால், அதே பதிப்பை (ஹோம் என்றால் ஹோம், புரோ என்றால் புரோ) மறுபடி போட்டு இணையத்தில் இணைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். கடையில் இதற்குத் தனிக் காசு கேட்டால் ஏன் என்று கேளுங்கள்.

டிஸ்க்குக்குப் பதில் 8 ஜிபி பென்டிரைவ் போதும். மைக்ரோசாப்டின் மீடியா கிரியேஷன் டூல் என்ற மென்பொருள், அதில் இருப்பதை அழித்துவிட்டு விண்டோசை ஏற்றும். பல ஜிபி இறங்கும். தோட்டத்தில் லைன் மெதுவென்றால் டவுனில் நண்பர் வீட்டுக் கணினியில் செய்துகொள்ளலாம். லேப்டாப்பில் உள்ள படங்களை வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டு, அப்புறம் பென்டிரைவிலிருந்து பூட் செய்யுங்கள், அதாவது லேப்டாப்பை அதிலிருந்து தொடங்க வையுங்கள் (ஆன் செய்ததும் எச்பியில் எஃப்9, டெல்லில் எஃப்12 விசையை அழுத்தி, பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள்).

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. லேப்டாப் தாங்குமென்றால் நேராக 11-ஐயே போடுங்கள்.