பறவை பார்க்க எந்த பைனாகுலர், எந்த ஏரி?

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். வயது 44. கண்ணாடி போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் லீவு. பறவை பார்க்க ரொம்ப நாளாக ஆசை. கடையில் 20x50 பைனாகுலரைக் காட்டி, ‘இதுதான் பவர் அதிகம்’ என்றார்கள். வாங்கலாமா? நேராக ஏற்காட்டுக்கே போய்விடலாமா?

பதில்: 20x50 வேண்டாம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பலர் ஏமாந்துபோகும் இடம் இதுதான்.

முதல் எண், எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது. இரண்டாவது, முன்பக்க லென்சின் விட்டம், மில்லிமீட்டரில். 20 மடங்கு என்றால் பறவை மட்டுமா பெரிதாகும்? கை நடுக்கமும் 20 மடங்காகும். நுணுக்க வேலை செய்து பழகிய உங்கள் கையிலும் படம் ஆடும். பார்க்கும் பரப்பும் சுருங்கிவிடுவதால், கிளைக்குக் கிளை தாவும் குருவியைத் தேடிப் பிடிப்பதற்குள் அது போய்விடும். இன்னொன்று வெளிச்சம். இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்துப் பாருங்கள். 20x50-இல் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 2.5 மி.மீ. தான், 8x42-இல் 5.25 மி.மீ. பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கும் விடியற்காலையில் நம் கண்மணி விரிந்திருக்கும். அப்போது 2.5 போதாது, படம் மங்கிவிடும். அதனால் 8x42 கேளுங்கள்.

பக்கத்தில் பார்க்க மட்டும் போடும் கண்ணாடி என்றால், பைனாகுலரைத் தூக்கும்போது கழற்றிவிடலாம். எப்போதும் போடுவது என்றால், ‘ஐ ரிலீஃப்’ (முழுப் படமும் தெரிய, லென்சிலிருந்து கண் எவ்வளவு தள்ளி இருக்கலாம் என்ற தூரம்) 15 மி.மீ.க்குக் குறையாததாக வாங்கி, கண் வைக்கும் ரப்பர் வளையத்தை உள்ளே திருகிவிட்டுப் பாருங்கள். வாங்கியதும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. வலது கண்ணை மூடி, நடுச் சக்கரத்தால் இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடது கண்ணை மூடி, வலது கண்ணுக்குத் தெளிவாகும்வரை வலதுபக்க ஃபோகஸ் வளையத்தை மட்டும் திருப்புங்கள். இதைச் செய்யாமலேயே ‘தலைவலி வருகிறது’ என்று பைனாகுலரைப் பரணில் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, எங்கே போவது? முதல் ஏழெட்டு ஞாயிறுகள் கன்னங்குறிச்சி மூக்கனேரிக்குப் போங்கள். 2010 முதல் சேலத்து மக்களே முன்னின்று சீரமைத்த ஏரி அது. தூர்வாரிய மண்ணில் திட்டுகள் அமைத்து மரம் நட்டார்கள். இன்று அந்த மரங்களில்தான் பறவைகள் வந்து உட்காருகின்றன. காட்டுப்பறவை இலைக்குள் ஒளியும். நீர்ப்பறவை திறந்த வெளியில் நின்று நிதானமாகப் பார்க்க விடும். நீர்க்காகம் சிறகை விரித்துக் காய வைப்பதையும், முக்குளிப்பான் மூழ்கி வேறோர் இடத்தில் எழுவதையும் பாருங்கள். பெயரைவிட நடத்தையை முதலில் நோட்டில் எழுதுங்கள். படம் எடுத்து அடையாளம் காண மெர்லின் செயலி இலவசம். ஆனால் பார்த்து எழுதிய பிறகு அதைத் திறந்தால்தான் கண் பழகும்.

அப்புறம் ஏற்காடு. டிசம்பர், ஜனவரியில் முதல் பேருந்தைப் பிடியுங்கள். ஊரில் நீங்கள் பார்க்கும் சின்னானுக்கு (புல்புல்) வாலடியில் சிவப்பு. மலையில் காப்பித் தோட்டத்து ஓரங்களில் இருக்கும் செம்மீசைச் சின்னானுக்குக் கூரான கொண்டையும் கன்னத்தில் சிவப்புப் புள்ளியும் உண்டு. மரநிழலில் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தால் கொடிக்கால் வாலாட்டி கிடைக்கலாம். கிழக்கு ஆசியாவிலிருந்து குளிர்காலத்துக்கு வரும் விருந்தாளி. மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும். இது பக்கவாட்டில் ஆட்டும். இதை முதன்முதலாகப் பார்க்கிற நாளை மறக்கவே மாட்டீர்கள்.

தோட்டங்கள் தனியார் சொத்து, கேட்காமல் நுழையாதீர்கள். காட்டெருமை நடமாட்டம் உண்டு. கண்டால் நின்று, சத்தமில்லாமல் பின்வாங்குங்கள். போனில் பறவைக் குரலைப் போட்டுப் பறவையை வரவழைக்கவே கூடாது. எதிரி வந்துவிட்டதென்று அது இரை தேடுவதை விட்டு அலையும்.

பைனாகுலர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். வருகிற ஞாயிறு ஆறரை மணிக்கு, வெறுங்கண்ணோடு, ஒரு நோட்டுடன் மூக்கனேரிக் கரையில் இருங்கள்.